நன்றியுரையில் நாகலக்ஷ்மி

“உப்பு பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டும்போது காமா ஈக்களின் வருகை குறைகிறது ஃபுல்ஸ்டாப்,” என்று வாசித்தாள் நாகலக்ஷ்மி.

“ஆஹா,” என்றார் திருவேங்கடம்.

“ஈ குறையறதுக்கா இந்த ஆஹா?”

“அந்த வாக்கியத்துக்கு. என்ன தெளிவு பாரு. நாப்பது வருஷமா நானும் இந்தத் துறையில குப்பை கொட்டறேன், இப்படி ஒரு நடை நான் பாத்ததில்லே.”

“இதோட பதினோரு ஆஹா ஆயாச்சு. மேல படிக்கட்டுமா, இல்லே சாமரம் வீசணுமா?”

“படி, படி.”

பாலிகஞ்சில் அவர்கள் குடியிருந்த இரண்டாவது மாடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம்தான் இது. மீனை உலர்த்துவது, உப்பிடுவது, கெடாமல் காப்பது பற்றி ஆங்கிலத்தில் வரும் ஓர் ஆய்விதழுக்குத் திருவேங்கடம் தலைமை ஆசிரியர். ஓய்வுபெற்ற மீன்வள விஞ்ஞானி. பிறந்த நாள் முதல் எழுபத்தைந்து வயதுவரை மீனை நாக்கில் வைத்தறியாத ஐயங்கார். அச்சுக்குப் போகும் முன் கடைசி ப்ரூஃபை நாகலக்ஷ்மி ஒரு காமா விடாமல் உரக்க வாசிப்பாள். அவர் மூலப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலோடு கேட்பார். பாங்கில் முப்பது வருஷம் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்த்த கண் அவளுக்கு. கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது என்பது அவர் கட்சி.

அன்றைக்கு நவராத்திரிப் பஞ்சமி. தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிப்பவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு அச்சகம் பூஜைக்காக மூடிவிடும். பிறகு பத்து நாள் கழித்து, லக்ஷ்மி பூஜை முடிந்துதான் திறப்பார்கள். அதற்குள் இதழ் போய்ச் சேராவிட்டால் இந்தக் காலாண்டே போயிற்று, அங்கீகாரப் பட்டியலிலிருந்து பெயரும் போகும். உதவி ஆசிரியை மதுவந்தி மூன்று மணிக்கு வந்து, கையெழுத்துப் போட்ட ப்ரூஃபை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

“ஆச்சு, கடைசிப் பக்கம். நன்றியுரை,” என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள் நாகலக்ஷ்மி. “ஆராய்ச்சிக்கு இடமளித்த மீனவர்களுக்கு நன்றி ஃபுல்ஸ்டாப். எட்டு மாதம் வீட்டில் கருவாட்டு வாடையைப் பொறுத்துக்கொண்டு காமா மூன்றாவது டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று என் தாயாரிடம் கடைசிவரை சொல்லாமல் காத்த என் மனைவி நாகலக்ஷ்மிக்கு...”

அவள் நிறுத்தினாள். மறுபடி மனத்துக்குள் வாசித்தாள். காகிதத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள்.

“ஏன் நிறுத்திட்டே?”

“ஏன்னா, இந்தக் கட்டுரையை எழுதினது யாரு?”

“ராஜ்மோகன்னு ஒரு பையன். தெற்கே ஏதோ காலேஜ்ல லெக்சரர். இந்த வருஷப் பரிசே அவனுக்குத்தான் கொடுக்கப்போறோம். முதல் பக்கத்துல பாராட்டி எழுதியிருக்கேனே, காலம்பற நீதானே படிச்சே.”

“அவனுக்கும் எனக்கும் எப்போ கல்யாணம் ஆச்சு?”

திருவேங்கடத்தின் பென்சில் மடியிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

“உலகத்துல ஒரு நாகலக்ஷ்மிதானா?” என்றார் அதைத் தேடிக் குனிந்துகொண்டே.

“நிறைய இருப்பா. வீட்டுல கருவாட்டை வெச்சிண்டு, அதை மாமியாருக்குத் தெரியாம எட்டு மாசம் மறைச்ச நாகலக்ஷ்மி எத்தனை பேர்?”

“ஆராய்ச்சி பண்றவாளுக்கெல்லாம் இதே கஷ்டம்தானே.”

“மூணாவது பெட்டியிலயா? எல்லாரும் மூணாவது பெட்டியிலதான் வெச்சாளா? உங்கம்மா எலி செத்துக் கெடக்குன்னு நாலு தடவை ஆள் கூப்பிட்டு ஆத்தையே பொரட்டிப் போட்டாளே, மறந்துடுத்தா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிமேல நான்தானே உக்காந்துண்டு கறிகாய் நறுக்கினேன்.”

அது 1988. ஆய்வுக்கூடத்தில் மழைத்தண்ணீர் புகுந்ததும் திருவேங்கடம் ஃப்ரேசர்கஞ்ச் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கருவாட்டு மாதிரிகளை மெழுகுக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வங்காளிகள் ஷுட்கி என்று சொல்கிற அதே சரக்கு. நெருங்கிய நண்பர்களான வங்காளிகளே அதற்குப் பயந்து அந்த எட்டு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

“நீங்க எழுதினதுன்னா இது. ஒரு வருஷம் ராத்திரியும் பகலுமா எழுதினேளே, அந்தக் கட்டுரை.”

“என் கட்டுரையை எனக்குத் தெரியாதா? பெத்தவனுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாதா?”

“முப்பத்தேழு வருஷம் திரும்பியே பாக்காத பிள்ளை.”

அழைப்பு மணி அடித்தது. மதுவந்திதான். லிலுவா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள்; தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், இரண்டையும்விட விதிமுறை நன்றாக வரும். பந்தல் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்திருந்தாள்.

“ரெடியா ஸார்? கையெழுத்துப் போட்டாச்சுன்னா நான் ஓடிடுவேன்.”

“உக்காரு,” என்றாள் நாகலக்ஷ்மி. “ஒரு இடம் படிக்கறேன், கேளு.”

படித்தாள். மதுவந்தியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. படித்து முடிந்ததும் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அரே பாபா. மாமி, இது நீங்களா?”

“நான் நான்தான். புருஷன்தான் மாறிட்டார்.”

“ஆனா நகல் கண்டுபிடிக்கற மென்பொருள்ல நான் போட்டுப் பாத்தேனே ஸார். நாலே பர்சென்ட்தான் ஒத்துப்போச்சு. அதுவும் பாதி, மீன் பேருங்க.”

“கேட்டியா?” என்றார் திருவேங்கடம், பிடிமானம் கிடைத்த குரலில். “மிஷினே சொல்லிடுத்து.”

“ஸார், உங்க 1988 கட்டுரை எதுல வந்தது?”

“ஒரு கருத்தரங்கத் தொகுப்பு. எரநூறு பிரதி போட்டா.”

“கம்ப்யூட்டர்ல ஏறலையே. ஏறாததை மென்பொருள் எப்படிப் பாக்கும்? அதுக்குத் தெரிஞ்சவங்களைத்தான் அது அடையாளம் சொல்லும்.” மதுவந்தி கைப்பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். “இதை மதிப்பிட வேண்டிய ரெஃபரீ யாரு... அவரு பெங்களூர் போய்ட்டாரு, பதிலே இல்லை. அதனால...”

அவள் ஃபைலை மூடப்போனாள்.

“அதனால?” என்றாள் நாகலக்ஷ்மி.

“ஸாரே பண்ணிட்டாங்க.”

“என்ன எழுதினார்? படி, கேக்கலாம்.”

“வேண்டாமே,” என்றார் திருவேங்கடம்.

“‘மிகச் சிறந்த கட்டுரை. அப்படியே வெளியிடலாம். ஒரே ஒரு குறை. இத்துறையில் முன்னோடியான திருவேங்கடத்தின் 1988 கட்டுரையை ஆசிரியர் குறிப்பிடத் தவறிவிட்டார். சேர்க்க வேண்டும்.’”

நாகலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினாள்.

“சேர்த்தானா?”

“சேர்த்துட்டார் மாமி. குறிப்புப் பட்டியல்ல பதினேழாவது.”

நாகலக்ஷ்மிக்கு வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தோளுக்கு வந்து, கண்ணுக்கு ஏறி, கடைசியில் கையிலிருந்த ப்ரூஃபையெல்லாம் தரையில் சிதறடித்தது. மதுவந்தி உதவி ஆசிரியை என்பதால் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. “திருடினவன்கிட்ட, திருடின வீட்டுக்காரரோட விலாசத்தையும் எழுதுன்னு...” என்று ஆரம்பித்து முடிக்காமலே சோபாவில் சாய்ந்தாள்.

“சிரிங்கோ, நன்னா சிரிங்கோ,” என்றார் திருவேங்கடம். “நான் ஒத்துக்கலை. அந்தத் தொகுப்பைக் கண்ணால பாத்தாத்தான் ஒத்துப்பேன். ஒரு பையனோட வாழ்க்கை. ஆதாரம் இல்லாம பேர் கெடுக்கலாமா?”

“அது சரிதான் மாமி,” என்றாள் மதுவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டணும். அதுதான் முறை. தொகுப்பு எங்கே இருக்கு?”

கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் கூடத்து மூலையைப் பார்த்தார்கள்.

அங்கே கொலு இருந்தது. ஐந்து படி. மேலே பெருமாளும் தாயாரும், நடுவில் தசாவதாரம், கீழ்ப்படியில் செட்டியார் கடையும், கிருஷ்ணநகர் மண்பொம்மைகளும். குடைபிடித்த பாபு ஒருவர், அரிவாள்மணைக்கு முன் உட்கார்ந்து ரோகு மீன் நறுக்கும் அம்மாள் ஒருத்தி. அந்தக் கீழ்ப்படி, வெள்ளை வேஷ்டி போர்த்திய ஒரு பலகை. பலகைக்குக் கீழே மூன்றாவது டிரங்குப் பெட்டி.

“கொலுவை எடுக்கப்படாது,” என்றார் திருவேங்கடம் அவசரமாக. சாஸ்திரத்தை அவர் அவ்வளவு சீக்கிரம் துணைக்கு அழைத்து நாகலக்ஷ்மி பார்த்ததில்லை. “விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சப்புறம்தான்.”

“பொம்மையைத்தான் நகர்த்தப்படாது. பெட்டிக்கு எந்த விதியும் கெடையாது. நீங்க அந்தக் கோடியைப் பிடிங்கோ, மதுவந்தி இந்தக் கோடி. பலகையை ஒரு விரக்கடை தூக்கிப் பிடிச்சுண்டு நில்லுங்கோ. பொம்மையெல்லாம் அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். அடியில இருக்கறதை நான் மாத்திக்கறேன்.”

“எனக்கு எழுபத்தஞ்சு வயசு.”

“கட்டுரையைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினப்போ வலிக்கலையே.”

தூக்கினார்கள். செட்டியார் ஆடினார். மீன் நறுக்கும் அம்மாள் பாபுவின் மேல் சாய்ந்தாள். “ஸார், உங்க பக்கம் எறங்குது,” என்றாள் மதுவந்தி. “என் பக்கம் எப்பவுமே எறங்கித்தான் இருக்கு,” என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. நாகலக்ஷ்மி தரையில் உட்கார்ந்து, சுவரில் காலை முட்டுக்கொடுத்துப் பெட்டியை இழுத்தாள். பெட்டி இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். அலமாரி நிறைய இதழின் பழைய ஆண்டுத் தொகுதிகள், கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக இருந்தன. பதினாறு தொகுதிகளை அடுக்கினாள். பலகை அதன்மேல் உட்கார்ந்தது.

“முப்பது வருஷத்துல மொதல் தடவையா இந்த இதழ் எதையோ தாங்கறது,” என்றாள்.

பெட்டியைத் திறந்தார்கள். மூவரும் ஒருசேரப் பின்னால் நகர்ந்தார்கள்.

“ஷுட்கி,” என்றாள் மதுவந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறந்த ஊரைக் கண்டவள் போல.

“முப்பத்தேழு வருஷம் ஆயும் கெடலை பாத்தியா?” என்றார் திருவேங்கடம், தன்னை மறந்து. “பன்னிரண்டு சதவீத உப்பு.”

மெழுகுக் காகிதப் பொட்டலம், பழைய நாட்குறிப்பு, வரைபடத்தாள் இவற்றுக்கெல்லாம் அடியில் பழுப்புத் தொகுப்பு கிடந்தது. அறுபத்தொன்றாம் பக்கம். நாகலக்ஷ்மி தரையில் சம்மணமிட்டு அதை உரக்க வாசித்தாள். திருவேங்கடம் ராஜ்மோகனின் ப்ரூஃபைக் கையில் பிடித்துக் கேட்டார். ஃப்ரேசர்கஞ்ச் இருந்த இடத்தில் தூத்துக்குடி. 1988 இருந்த இடத்தில் 2023. மற்றபடி ஒரு காமா தவறவில்லை. வெயில்கூட டெஸிமல் சுத்தமாக அதே வெயில். ஈக்களும் அதே ஈக்கள்.

இரண்டு பக்கம் முடிவதற்குள் திருவேங்கடம் கையை உயர்த்தினார்.

“போதும். என்னுதுதான்.” பிறகு, மெதுவாக, “நன்னா எழுதியிருக்கேன் இல்லே?”

“பன்னெண்டாவது ஆஹா,” என்றாள் நாகலக்ஷ்மி. “மதுவந்தி, அந்தப் பையனுக்கு ஃபோன் போடு.”

“மாமி, முறைப்படி முதல்ல லெட்டர் அனுப்பணும். குற்றம் சொல்லக் கூடாது, விளக்கம் கேக்கணும். பதினாலு நாள் டைம் கொடுக்கணும். பதில் சரியில்லைன்னா அவங்க காலேஜுக்கு எழுதணும்.”

“லெட்டர் அது பாட்டுக்குப் போகட்டும். நான் குத்தம் சொல்லப்போறதில்லே. உறவுமுறை விசாரிக்கப்போறேன், அவ்வளவுதான்.”

மதுவந்தி மணியைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு எண்ணை அழுத்தினாள்.

“ராஜ்மோகன் ஸாரா? இதழ் ஆபீஸ்லேர்ந்து மதுவந்தி. உங்க கட்டுரையில ஒரே ஒரு சந்தேகம். நன்றியுரையில நாகலக்ஷ்மின்னு இருக்கே...”

மறுமுனையில் காகிதம் புரளுகிற சத்தம்.

“ஆமாங்க மேடம். என் மனைவிங்க.”

“மூணாவது டிரங்குப் பெட்டி?”

“அதுவும்... அவங்களுதுதாங்க. சீதனம்.”

நாகலக்ஷ்மி ஃபோனை வாங்கிக்கொண்டாள். “ஏம்ப்பா, நாகலக்ஷ்மி பேசறேன்.”

“எந்த நாகலக்ஷ்மிங்க?”

“நீ சொன்னியே, அவளேதான். எனக்கு எழுபத்தொரு வயசாறது. உனக்கு?”

“இருபத்தொம்பதுங்க.”

“ஜாதகம் யாரு பாத்தா?”

அந்தப் பக்கம் யாரோ கீரை விற்றுக்கொண்டு போகிற குரல் கேட்டது. 

“மேடம், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.”

“அப்பாடா. பின்னே, இது எப்படி நேந்தது?”

“பழைய புஸ்தகக் கடையில கிடைச்சுதுங்க. எழுதினவங்க பேர் போட்டிருந்த முன்பக்கமெல்லாம் கிழிஞ்சுபோய், யாருதுன்னே தெரியலைங்க. இது நெட்ல இல்லவே இல்லைன்னு தேடிப் பாத்துட்டுத்தான்... புரமோஷனுக்குக் கட்டுரை கேக்கறாங்க மேடம். டைப் பண்ற சென்டர்ல குடுத்து, அறுபத்தொண்ணுலேர்ந்து எழுபத்திநாலு வரைக்கும் அடிங்க, ஊர் பேரையும் வருஷத்தையும் மட்டும் மாத்துங்கன்னேன். அவரு ரொம்ப நேர்மையான ஆளுங்க. ஒண்ணு விடாம அடிச்சுட்டாரு.”

“நீ படிச்சுப் பாக்கலையா?”

“முதல் ரெண்டு பக்கம் படிச்சேங்க.”

“எப்படி இருந்ததாம், கேளு,” என்றார் திருவேங்கடம் பின்னாலிருந்து.

“நல்லா இருந்துச்சுங்க,” என்றான் ராஜ்மோகன் கம்மிய குரலில்.

மதுவந்தி ஃபோனைத் திரும்ப வாங்கி, கடிதம் வரும், பதினாலு நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லுங்கள், கட்டுரையைத் திரும்பப் பெறுவதானால் அதையும் எழுதுங்கள் என்று கடுமையும் இரக்கமும் கலக்காமல் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் திருவேங்கடத்தின் முன் வைத்தாள்.

“நாலு இருபது ஸார். கட்டுரையை எடுத்துடலாம், பதினாலு பக்கம் குறையும், பரவாயில்லை. ஆனா முதல் பக்கத்துல உங்க பாராட்டு இருக்கே. அதுக்குப் பதிலா ஏன் எடுத்தோம்னு ஒரு குறிப்பு வேணும். உங்க கையெழுத்தோட.”

“அந்த எடத்துல என்னோட 1988 கட்டுரையையே மறுபதிப்பாப் போட்டா என்ன?”

“தொகுப்பு வெளியிட்டவங்க அனுமதி வேணும் ஸார்.”

“என் கட்டுரைக்கா?”

“உங்க கட்டுரைக்கேதான்.”

அவர் பேனாவை எடுத்தார். எழுதினார். மதுவந்தி எட்டிப் பார்த்தாள். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று இருந்தது.

“ஸார்.”

“பின்னே என்னம்மா எழுதச் சொல்றே? என் கட்டுரையை நானே படிச்சு, நானே புகழ்ந்து, என்னையே சேக்கச் சொல்லி, பரிசும் குடுக்க இருந்தேன்னா? டாலிகஞ்ச்லேர்ந்து ஹவுரா வரைக்கும் சிரிப்பா. அடுத்த மீட்டிங்ல ஒருத்தன் விடாம ஆஹாம்பான்.”

“காரணம் சொல்லாம எடுத்தா அவர் இதையே வேற இதழுக்கு அனுப்பலாம் ஸார். அங்கேயும் மென்பொருள் நாலு பர்சென்ட்னுதான் சொல்லும். அங்கே மாமி இருக்க மாட்டாங்க.”

திருவேங்கடம் பேனா மூடியைத் திருகினார். நாலரை. நாகலக்ஷ்மி பெட்டியை மூடினாள். அதன்மேல் உட்கார்ந்தாள், அந்தக் காலத்தில் கறிகாய் நறுக்க உட்கார்ந்த மாதிரியே.

“ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். ஈ, உப்பு, வெயில் எல்லாம் உங்களோடது. அதை யாருக்கு வேணும்னாலும் தாரை வார்த்துக் குடுங்கோ. ஆனா எட்டு மாசம் அந்த நாத்தத்தைப் பொறுத்துண்டது நான். உங்கம்மாகிட்ட வாய் திறக்காம இருந்தது நான். இருபது கட்டுரை எழுதினேள், ஒண்ணுலதான் என் பேர் இருக்கு. அதைப் போய் எவனோ ஒருத்தனோட பொண்டாட்டியா நான் பண்ணினதா இருக்கவிடுவேளா? தொழில்நுட்பக் காரணமா நான்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவர் பேனாவைத் திறந்தார். எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

“நான் சொல்றேன், நீ எழுது,” என்றார். “கை வலிக்கறது. பலகை தூக்கினது.”

அவர் சொல்ல, அவள் எழுதினாள். எழுதினதை வாசித்தாள்.

“இவ்விதழில் வரவிருந்த ஒரு கட்டுரை 1988இல் நான் எழுதியதன் நகல் என்று தெரிந்ததால் நீக்கப்படுகிறது ஃபுல்ஸ்டாப். ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது ஃபுல்ஸ்டாப். அதை மதிப்பாய்வு செய்து பாராட்டியவன் நான் காமா என் எழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை ஃபுல்ஸ்டாப். கண்டுபிடித்தது மென்பொருள் அல்ல காமா மெய்ப்பு வாசித்த என் மனைவி நாகலக்ஷ்மி ஃபுல்ஸ்டாப். இனி எந்தக் கட்டுரைக்கும் ஆசிரியரே தனியாக மதிப்பாய்வாளராக இருக்கமாட்டார் ஃபுல்ஸ்டாப்.”

“கடைசி வரி நான் சொல்லலையே.”

“நான் சேத்தேன். ரெஃபரீ சொன்னா சேக்கணுமோல்லியோ?”

கையெழுத்துப் போட்டார். மதுவந்தி தாளைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பி, வங்காளத்தில் படபடவென்று ஏதோ சொல்லி, ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் “ஹொயே கெச்சே” என்று ஃபோனை வைத்தாள். முடிந்துவிட்டது. வைத்த கையோடு அது ‘டிங்’ என்றது.

“ராஜ்மோகன். மன்னிப்புக் கடிதம் அனுப்பிட்டார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறாராம்.” அவள் படிக்கத் தொடங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபோனை மாமியிடம் நீட்டினாள்.

நாகலக்ஷ்மி உரக்க வாசித்தாள். “மதிப்பிற்குரிய, இதழாசிரியரின் பெயரை இங்கே நிரப்பவும், அவர்களுக்கு காமா...”

இந்தத் தடவை முதலில் சிரித்தது திருவேங்கடம்தான்.

ஆறு மணிக்கு மேல்மாடி விஜயலக்ஷ்மி வெற்றிலைபாக்குக்கு வந்தாள். பட்டுப்புடவையும் குங்குமச்சிமிழுமாக வந்தவள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாடுவதற்காக மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

“மாமி, தப்பா நெனச்சுக்கப்படாது. ஆத்துல எங்கேயோ எலி செத்துக் கெடக்கா?”

திருவேங்கடம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். நாகலக்ஷ்மி சுண்டலைத் தொன்னையில் நிதானமாக எடுத்து வைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

“எலி இல்லேடி. கருவாடு. மூணாவது டிரங்குப் பெட்டி. இவரோடதுதான். உக்காரு, சுண்டலைச் சாப்பிடு, மொதல்லேர்ந்து சொல்றேன்.”